கடையை விட்டுப் போன எண்ணெய்

போன சனிக்கிழமை லண்டனின் ஈஸ்ட் ஹாம் பக்கம் போயிருந்தேன். சேலை ஒன்றுக்குக் கரை தைக்கக் கொடுத்திருந்தேன். தையல்காரர் வழக்கம்போல "இன்னும் அரை மணித்தியாலம்" என்றார். அந்த அரை மணித்தியாலம் எப்படிப்பட்டது என்று நம் வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. சரி என்று ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு பலசரக்குக் கடைக்குள் நுழைந்தேன்.

கவுன்டரில் எனக்கு முன்னால் ஒரு அம்மா.

"தம்பி, அந்தப் பச்சை மூடி போட்ட சின்னப் போத்தல் எங்க? கஞ்சாச் செடியில செய்யிறதெண்டு சொல்லுவினம்... நோவுக்கு நல்லதாம்."

"ஹெம்ப் எண்ணெயோ அம்மா? அது இப்ப கடையளுக்கு வாறேல்லை. கொம்பனி நிப்பாட்டிட்டுது. ஒன்லைன்ல மட்டும்தான்."

"ஏன்? நல்லா ஓடினதுதானே?"

"ஓடினதுதான். ஆனா கடையில வைச்சா எங்களுக்குப் பங்கு தரவேணும். கவுன்சில்காரர் வந்து போத்தலைத் திருப்பித் திருப்பிப் பாப்பினம். உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு என்னைக் கேப்பினம். எனக்கென்ன தெரியும்? ஒன்லைனெண்டா ஒரு கரைச்சலும் இல்லை."

"அப்ப மகளிட்டச் சொல்லி ஃபோனில எடுப்பிக்கிறன்" என்றபடி அந்த அம்மா போய்விட்டார்.

நான் ஒரு கிலோ வெங்காயத்தோடு அப்படியே நின்றேன். அவருக்குப் பின்னால் ஓடிப்போய் ஒரு கதை சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி தெருவில் மறித்துக் கஞ்சாக் கதை சொன்னால் யார் நின்று கேட்பார்கள்? அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எப்படியும் வாராவாரம் நான் சொல்வதைக் கேட்டுப் பழகியவர்கள்.

சிவநேசன் எங்கள் தெருக்காரர். தென் லண்டனில் மிச்சம் (Mitcham) என்கிற எங்கள் ஊரில், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறார். என்னைவிட வயதில் கொஞ்சம் இளையவர், "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பெற்றோல் ஸ்டேஷன், கோழிக்கடை, மினிகப் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கடைசியில் பஸ் ஓட்டத் தொடங்கினார். அதிலேயே ஊன்றிவிட்டார். யூனிஃபோர்மை அவரே அயர்ன் பண்ணுவார். மனைவி கலாவைத் தொட விடமாட்டார்.

கலியாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள், ஆண்கள் ஒவ்வொருவராக கார் பார்க் பக்கம் காணாமல் போவார்கள். சிவநேசன் மட்டும் மண்டபத்துக்குள் பெண்களோடும் பிள்ளைகளோடும் ஒரு கிளாஸ் ஒரேஞ் ஜூஸை வைத்துக்கொண்டு இருப்பார். "நாளைக்குக் காலமை ஷிப்ட் அக்கா" என்பார். அடுத்த நாள் லீவாக இருந்தாலும் அதையே சொல்வார். சிகரெட் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் அன்னதானம் அவர் பொறுப்பு. கோயில் பெயர் வேண்டாம். தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும், தெரியாதவர்கள் நிம்மதியாகச் சாமி கும்பிடட்டும்.

ஒரே ஒரு குறை... முதுகு. இத்தனை வருஷம் பஸ் சீட்டில் இருந்த முதுகு. காலையில் கட்டிலை விட்டு எழும்பும்போது ஒரு கையால் சுவரைப் பிடிப்பார். மருந்து கொடுத்தார்கள், தேகப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். நோ போகவில்லை.

அவருக்கு ஒரே மகள், ஆரணி. யுனிவர்சிட்டியில் மார்க்கெட்டிங் படித்தவள். படித்து முடித்து நிறைய இடங்களுக்குப் போட்டு, ஒன்றும் சரிவராமல், ஒரு நாள் திடீரென்று வேலை கிடைத்தது. ஷோர்டிச்சில் ஓஃபிஸ். அமெரிக்கக் கொம்பனி. சந்தோஷத்தில் கலா புட்டு அவித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"என்ன பிள்ளை விக்கிற கொம்பனி?" என்று கேட்டேன்.

"வெல்னஸ், மாமி."

வெல்னஸை எப்படி அம்மா போத்தலில் அடைப்பது? மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. ஹெம்ப் எண்ணெய், ஹெம்ப் மிட்டாய், ஹெம்ப் களிம்பு.

"அது கஞ்சா எல்லோ?" கலாவின் கையில் இருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது.

"இல்லை அம்மா. சேம் ஃபேமிலி, ஆனா டிஃபரண்ட். போதை தாற சாமான் இதில இல்லை." பிறகு என் பக்கம் திரும்பி விளக்கினாள். "எங்கட ஓனர்மார் கலிஃபோர்னியாவில முதல் கஞ்சாதான் வித்தவை, மாமி. அங்க அது லீகல். லைசன்ஸ் எடுத்த கடையள் இருக்கு, டிஸ்பென்சரி எண்டு சொல்லுவினம். ஆனா அதில சரியான தலையிடி. ஸ்டேட்டுக்கு டாக்ஸ். கடைக்காரனுக்கு ஒரு கட். நல்ல ஷெல்ஃபில வைக்கிறதுக்கு இன்னொரு கட். ஒவ்வொரு பேட்சும் லேபுக்குப் போய் பாஸாகோணும். பேங்க் எக்கவுண்ட் திறக்கிறதே பெரிய பாடு. ஒரு போத்தலைக்கூட ஸ்டேட் போர்டருக்கு அங்கால அனுப்பேலாது."

"அப்ப?"

"ஹெம்ப் எண்டா சட்டத்தில அது ஒரு பயிர். வெப்சைட் போடலாம், கார்ட்ல காசு எடுக்கலாம், போஸ்ட்ல அனுப்பலாம். கஸ்டமர் எந்த ஊரில இருந்தாலும் பரவாயில்லை. சோ, தே ஜஸ்ட் லெஃப்ட். இப்ப நிறைய பிராண்ட் அப்பிடித்தான், மாமி. கடையை விட்டிட்டு ஒன்லைன்."

சிவநேசன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பஸ் அதேதான். ரூட் நம்பரை மட்டும் மாத்தியிருக்கினம்" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ஆரணியும்தான்.

எனக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம். "அங்க ஒவ்வொரு பேட்சும் லேபில பாஸாகோணும் எண்டாய். இஞ்ச ஆர் பாக்கிறது?"

"நாங்களே எங்கட டெஸ்டிங் செய்யிறம், மாமி."

எங்கள் பரீட்சைத் தாளை நாங்களே திருத்துகிற மாதிரியா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கலா பாயாசம் கொண்டுவந்துவிட்டாள்.

அந்த எண்ணெய்ப் போத்தல் ஒன்றை ஆரணி அப்பாவுக்குக் கொடுத்தாள். ஸ்டாஃபுக்குச் சும்மா கிடைப்பது. லேபிளில் போதைச் சத்து பூச்சியம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. சிவநேசன் அதை என்னிடமும் கொண்டுவந்து காட்டினார், கண்ணாடியை மூக்கில் தள்ளிப் பிடித்து இரண்டு பேருமாகப் படித்தோம். பூச்சியம்தான்.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். எண்ணெய் வேலை செய்தது. அல்லது வேலை செய்ததாக அவர் நம்பினார், மகள் கொடுத்தது என்பதால் இருக்கலாம். சுவரைப் பிடிக்காமல் எழும்பினார். "அக்கா, என்ர பிள்ளை வேலைக்குப் போய் முதல்முதல் எனக்குக் கொண்டுவந்த சாமான்" என்று தெருவில் வைத்து என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் என் வீட்டு பெல் அடித்தது.

சிவநேசன். யூனிஃபோர்மோடு. அந்த நேரத்தில் அவர் பஸ்ஸில் இருக்கவேண்டும். குசினியில் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். ஜக்கெட்டைக் கழற்றவில்லை.

"அக்கா, எனக்குக் கஞ்சா எண்டு வந்திருக்கு."

எனக்கு விளங்கவில்லை. ஏதோ பார்சல் வந்திருக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

"டெஸ்ட்டில, அக்கா. டெப்போவில திடீரெண்டு பேர் கூப்பிட்டு எடுப்பினம். எத்தினை தரம் குடுத்திருக்கிறன்! இந்த முறையும் பகிடி விட்டுக்கொண்டுதான் போய்க் குடுத்தனான். இண்டைக்குக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டினம். பஸ்ஸில ஏற வேண்டாமாம். விசாரணை முடியுமட்டும் வீட்டில இருக்கட்டாம்."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

அந்த எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அவர் வந்தது ஆறுதல் கேட்க இல்லை. நான் இவ்வளவு காலம் ஆஸ்பத்திரிகளிலும் வழக்குகளிலும் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவள், ஓஃபிஸ் இங்கிலீஷ் எனக்குக் கைவரும். விளக்கக் கடிதம் ஒன்று எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்.

"எழுதுவம். மகள் இந்தக் கொம்பனியில வேலை செய்யிறாள், அவள் தந்த எண்ணெய், லேபிளில பூச்சியம் எண்டு போட்டிருக்கு... உள்ளதை உள்ளபடி எழுதுவம்."

"பிள்ளையின்ர பேர் வரக்கூடாது, அக்கா."

"ஏன்?"

"அவளுக்கு இன்னும் ப்ரோபேஷன் முடியேல்லை. தேப்பன் கொம்பனிக்கு எதிராக் கடிதம் குடுத்தவர் எண்டு தெரிஞ்சா வைச்சிருப்பினமோ?"

"தம்பி, உம்மட வேலை போகப் போகுது!"

"என்ர வேலை போனா, வயசு போச்சு, முதுகு சரியில்லை எண்டு ஏதும் சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு இது முதல் வேலை. உது கிடைக்கமுதல் அந்தப் பிள்ளை அறைக் கதவைப் பூட்டிப்போட்டு இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியாது, அக்கா."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கோபப்பட்டேன். அவர் மேசையைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் 'வெப்சைட் ஒன்றில் விற்கப்படும் எண்ணெய்' என்று எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மகள் மட்டும்தான் இல்லை.

வீட்டில் அவர் லீவு என்று சொல்லியிருந்தார். லீவு நாளில் மனுஷன் யூனிஃபோர்மை அயர்ன் பண்ணிவிட்டு அதைத் திரும்ப அலுமாரியில் கொழுவுவதைப் பார்த்தால் எந்த மனைவிக்குத்தான் விளங்காது? கலாவுக்குத் தெரிந்தது, அடுத்த நாள் ஆரணிக்கும் தெரிந்தது. அவள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள்.

"யூ நியூ, மாமி! உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்லேல்லை."

"அப்பா சொல்ல வேண்டாமெண்டவர்."

"நான்தான் குடுத்தனான். இட்ஸ் மீ. நான் போய்க் கேக்கிறன்."

அப்பா வேண்டாம் வேண்டாம் என்று மறித்தும் கேட்கவில்லை. ஓஃபிஸில் போய் மனேஜரிடம் நேரே சொன்னாள். என் அப்பா பஸ் ட்ரைவர், இப்படி நடந்துவிட்டது, அந்த பேட்சின் லேப் ரிப்போர்ட்டைத் தாருங்கள், அப்பா கொண்டுபோய்க் காட்டட்டும்.

மனேஜர் நல்ல பெண்ணாம். கையைப் பிடித்துக்கொண்டு மிகவும் வருத்தப்பட்டாளாம். அடுத்த நாள் வீட்டுக்குப் பழக்கூடை ஒன்று வந்தது, அழகான ரிப்பனோடு. லேப் ரிப்போர்ட் வரவில்லை. அது வெளியில் கொடுக்க முடியாததாம், சட்டப் பகுதி சொல்லிவிட்டதாம்.

வேறொன்றும் நடந்தது. அதை ஆரணி என் குசினியில் நின்று ஃபோனை நீட்டிக் காட்டினாள்.

"பாருங்கோ மாமி. நான் கேட்டுக் கொஞ்ச நேரத்தில வெப்சைட்டைப் பாத்தன். பூச்சியம் எண்ட சொல்லே இல்லை. 'மிகச் சிறிய அளவு இருக்கக்கூடும்' எண்டு வந்திருக்கு. கீழ இன்னொரு வரி... வேலையிடத்தில டெஸ்ட் இருக்கிற ஆக்கள் பாவிக்க வேண்டாமாம்."

"உது முதல் இருந்ததோ?"

"இல்லை. அந்தப் பேஜை எழுதினதே எங்கட டீம்தான். எனக்குத் தெரியாதோ?"

அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது, இவர்கள் ஏன் கடையை விட்டுப் போகிறார்கள் என்று. டாக்ஸ், கமிஷன், ஷெல்ஃப் வாடகை... எல்லாம் உண்மைதான். ஆனால் கடையில் இருந்த போத்தலில் பிழை என்றால் என்ன செய்யவேண்டும்? கடை கடையாக ஏறி இறங்கவேண்டும். போத்தல்களைத் திருப்பி எடுக்கவேண்டும், ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்கிற கடைக்காரனுக்குப் பதில் சொல்லவேண்டும். கதை பத்திரிகைக்குப் போகும். வெப்சைட்டில்? ஒரு விரல் போதும். நேற்று பூச்சியம், இன்று மிகச் சிறிய அளவு. நேற்று என்ன இருந்தது என்று கேட்டால், நேற்று என்ற ஒன்றே அங்கே கிடையாது.

சிவநேசனின் விசாரணை நாள் வந்தது. யூனியன்காரர் ஒருவர் கூடப் போனார். சிவநேசன் அந்தப் பழைய போத்தலை ஒரு டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுபோனார். பூச்சியம் என்ற லேபிள் அதில் இன்னும் இருக்கிறதே! அதைக் கொண்டுபோக மட்டும் ஒத்துக்கொண்டார். மகள் பெயர் மட்டும் வராது.

மேலதிகாரி போத்தலை வாங்கிப் படித்தாராம். மரியாதையாகத்தான் பேசினாராம். இப்படியான எண்ணெய்களைத் தொட வேண்டாம் என்று எங்கள் விதிகளில் இருக்கிறது, டெஸ்ட் உடம்பில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கும், அது எப்படி வந்தது என்று பார்க்காது என்றாராம். இவ்வளவு காலம் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓட்டியவர் என்பதையும் அவரே சொன்னாராம். சொல்லிவிட்டு வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அந்த அதிகாரியில் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பஸ் நிறைய உயிர்களை ஏற்றிக்கொண்டு போகிறவரின் உடம்பில் என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயம். நானும் அந்த பஸ்ஸில் போகிறவள்தானே? ட்ரைவரை மடக்கிக் கேட்டார்கள். அவருக்கு அந்த எண்ணெயை விற்றவனை யாராவது மடக்கினார்களா?

சிவநேசன் அன்றைக்கு டெப்போவிலிருந்து பஸ்ஸில் வரவில்லை. நடந்தே வந்தார். பஸ் ஸ்டொப்பில் நின்றால் ஓட்டிக்கொண்டு வருகிறவன் தெரிந்தவனாக இருப்பான், கை காட்டுவான், என்ன சொல்வது என்று தெரியவில்லையாம்.

அடுத்தது நம்முடைய சனம்.

செய்தி எப்படிக் கோயிலுக்குப் போனது என்று கேட்காதீர்கள். மிச்சத்தில் டிராம் பிந்தினாலும் கதை பிந்தாது. முதல் வாரம், "சிவநேசனுக்கு டெஸ்டில ஏதோ பிழையாம்." இரண்டாவது வாரம், "கஞ்சாவாம்." அதற்கடுத்த வாரம், "பஸ் ஓட்டிக்கொண்டே அடிச்சவராம், ஆக்கள் கண்டவையாம்." கண்டவர்கள் யார் என்று நான் ஒரு அம்மாவைக் கேட்டேன். "அது தெரியாது, ஆனா கண்டவை" என்றார்.

கோயில் தலைவர் ஒரு வெள்ளிக்கிழமை சிவநேசனைத் தனியே கூப்பிட்டார். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், அளந்துதான் பேசுவார்.

"சிவநேசன், நாங்கள் உம்மை நம்புறம். ஆனா சனம் கதைக்குது. சாப்பாட்டு விஷயம். கொஞ்சநாள் ஒதுங்கி நில்லும்."

சாம்பாருக்குள் எதையோ போட்டுவிடுவார் என்று பயந்தார்களோ? சிவநேசன் கையிலிருந்த அன்னதான அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குப் போவதில்லை. வட லண்டனில், ஆர்ச்வேயில் இருக்கிற முருகனிடம் போகிறார். அங்கே போக இரண்டு மூன்று வண்டி மாற வேண்டும். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. அதுதான் வேண்டும் என்றார்.

இதற்கிடையில் ஆரணி வேலையை விடப்போகிறேன் என்று நின்றாள். அந்த வாக்குவாதம் நடந்தபோது நான் அங்கே இருந்தேன். இருந்திருக்கக் கூடாதுதான். ஆனால் கலா என் கையைப் பிடித்து இருத்திவிட்டாள்.

"நாளைக்கே நோட்டிஸ் குடுக்கிறன். ஐ கான்ட் வோக் இன் தேர், அப்பா."

"குடுத்துப்போட்டு?"

"வேற வேலை தேடுறன்."

"தேடுமட்டும்? அம்மா பள்ளிக்கூடக் குசினியில அரை நாள் வேலை. எனக்கு வேலை இல்லை. வீட்டுக்கு மோட்கேஜ் ஆர் கட்டுறது?"

"அவங்கட காசில வீட்டுக்குக் கட்டச் சொல்லுறீங்களோ?"

"உன்ர காசு. நீ வேலை செய்து எடுக்கிற காசு."

"அப்பா, அவங்கள்தான் உங்கட வேலையை..."

"அதுக்குத்தான் சொல்லுறன்" என்றார் சிவநேசன். அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். "நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது உன்ர வேலை நிக்கவேணும் எண்டுதான். இப்ப நீ விட்டாயெண்டா நான் ஏன் பிள்ளை அப்பிடி இருந்தனான்?"

கலா எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். கழுவி வைத்திருந்த பாத்திரங்களைத்தான்.

ஆரணி வேலையை விடவில்லை. ப்ரோபேஷன் முடிந்தது. நிரந்தரமாக்கினார்கள். ஜூன் மாதத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பொறுப்பும் கொடுத்தார்கள். தந்தையர் தினத்துக்கான விளம்பரம். அப்பாமாருக்கு எண்ணெய்ப் போத்தல் பரிசாகக் கொடுங்கள் என்று ஈமெயிலிலும் இன்ஸ்டாவிலும் எழுதவேண்டும்.

"எழுதினியோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமி. எழுதினன்."

"என்னெண்டு?"

"உங்கட அப்பா உங்களைத் தூக்கித் திரிஞ்ச முதுகுக்கு எண்டு."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நல்லாப் போச்சு, மாமி. எல்லாம் வித்து முடிஞ்சுது. டீமுக்கு முன்னால எழும்பி நிக்கச் சொல்லிக் கை தட்டினவை."

இப்படிச் சொல்கிற பிள்ளையைத் திட்டுவதா, கட்டிப் பிடிப்பதா? எனக்கு இரண்டும் வரவில்லை. மனேஜர் பழக்கூடை அனுப்பினாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

சிவநேசன் வேலை தேடினார். பஸ், கோச், ஸ்கூல் வேன் எதுவும் சரிவரவில்லை. முதல் வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். அவர் பொய் சொல்ல மாட்டார். நேர்முகம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

கடைசியில் கேள்வி கேட்காத ஒரு வேலை கிடைத்தது. பார்சல் டெலிவரி. சொந்தமாக ஒரு பழைய வேன், ஃபோனில் வழி காட்டுகிற ஒரு அப். அவ்வளவுதான். அவர் அங்கே வேலைக்காரர் இல்லையாம், தனக்குத்தானே முதலாளியாம். அதனால் லீவு இல்லை, சுகமில்லாமல் படுத்தால் சம்பளமும் இல்லை. டெஸ்டும் இல்லை. காலையிலிருந்து மாலை வரை அதே தெருக்களில், அதே டிராபிக்கில் ஓட்டுகிறார். பெட்டிகளைத் தூக்கித் தூக்கி முதுகு முன்பைவிட மோசம். அந்த எண்ணெயை அவர் திரும்பத் தொடவில்லை. தொட்டாலும் இப்போது கேட்க ஆளில்லை.

ஒன்லைனில் விற்கிறவர்களுக்குக் கடை வேண்டாம், கடைக்காரன் வேண்டாம். ஆனால் யாரோ ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு பெல்லை அடிக்கத்தானே வேண்டும்? சிவநேசனின் வேனில் பச்சை இலை போட்ட பெட்டிகளும் வரும் என்பதை நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். அவர் ஊகிக்கவில்லையாம். முதல் முறை அதைக் கையில் எடுத்தபோது, யாரோ தன்னோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்து வேனைச் சுற்றிப் பார்த்தாராம்.

"குடுத்திட்டன் அக்கா. என்ன செய்யிறது? குடுக்காட்டி மார்க் குறைப்பினம்."

அந்தப் பெட்டிகள் எங்கெங்கே போகின்றன என்று அவர் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. ஆனால் போன வாரம், ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்து அந்த அம்மாவின் கதையைச் சொன்னபோது, அவர் இதைச் சொன்னார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்ததாம். பச்சை இலைப் பெட்டி ஒன்று. வேறு யாரோ பெயரில் இருந்தது, விலாசத்தைப் பார்க்காமலே அப் காட்டிய வழியில் போயிருக்கிறார். பெல் அடித்தார். கதவைத் திறந்தவர் கோயில் தலைவர். மருமகனின் பெயரில் ஓர்டர் போட்டிருக்கிறார்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். தலைவரின் கண் பெட்டிக்குப் போனது. பிறகு தெருவுக்குப் போனது. யாராவது பார்க்கிறார்களா என்று.

"தம்பி... இது மனிசிக்கு. நித்திரை வாறேல்லை எண்டு அந்தரப்படுறா."

"ஓம் அண்ணை."

"கோயிலில ஆரோ நல்லதெண்டு சொன்னவை."

"ஓம் அண்ணை."

தலைவர் கையை நீட்டினார். சிவநேசன் பெட்டியைக் கொடுக்கவில்லை.

"ஒரு கேள்வி கேக்கோணும், அண்ணை. கேட்டு, நீங்கள் சொல்லுற பதிலைப் போனில போட்டாத்தான் குடுக்க விடும்."

தலைவரின் முகம் வெளுத்துவிட்டது என்றார் சிவநேசன். இத்தனை நாளும் கேட்காததை எல்லாம் இப்போது வாசலில் வைத்துக் கேட்கப் போகிறான் என்று நினைத்திருப்பார்.

"கேளும்..."

"உங்களுக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிட்டுதோ?"

எழுபதைத் தாண்டிய மனிதர். கதவைப் பிடித்துக்கொண்டு, "ஓம்" என்றாராம். சிவநேசன் அதை ஃபோனில் போட்டார், பெட்டியைக் கொடுத்தார், அடுத்த வீட்டுக்குப் போனார்.

"வேற ஒண்டும் கேக்கேல்லையோ தம்பி?" என்றேன் நான், ஆற்றாமையில்.

"ஃபோனில வேற கேள்வி இல்லை, அக்கா" என்றார்.

கலிஃபோர்னியாவில் கடையை விட்டுப் புறப்பட்ட அந்த எண்ணெயிடம், மிச்சத்துக்கு வந்து சேரும்வரை கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.